கட்டை, பெல்ட், கம்பளி, கதிரை: அட்டன் யோகா வகுப்பு பற்றி

இலங்கை மலையகத்தில், அட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு யோகா வகுப்பு நடக்கிறது. வெளியே போர்டு கிடையாது. கடையில் "யோகா மிஸ்" என்று கேட்டால் பக்கத்துப் படியைக் காட்டுவார்கள். இடுப்பு வலி, கழுத்து வலி என்று என்னிடம் கேட்கிற ஆசிரியைகளுக்கெல்லாம் இந்த வகுப்பைத்தான் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி மாளவில்லை. அதனால் நல்லது, குறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் மேசை எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்துத் திருத்த, பென்சில் பிடிக்கக் காட்ட, மூக்கைத் துடைத்துவிட என்று நாள் முழுக்க அந்த உயரத்துக்குக் குனிவதுதான் வேலை. வருஷக்கணக்கில் குனிந்ததில் இடுப்பு இறுகிப்போய், பஸ்ஸை விட்டு இறங்கினால் உடனே நிமிர முடியாத நிலைக்கு வந்துவிட்டது. டாக்டர் சோதித்துப் பார்த்து, நரம்பு அழுத்தம் ஒன்றும் இல்லை, தசையைப் பழக்குங்கள் என்றார். அப்படித்தான் யோகா தேடிக் கிளம்பினேன்.

முதலில் போனது வேறொரு வகுப்பு. அங்கே காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலைப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்கு எட்டவில்லை. சொல்லிக்கொடுப்பவர் பின்னால் வந்து, இரண்டு உள்ளங்கையையும் முதுகில் வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அழுத்தினார். அன்றைக்கு இரவு புரண்டு படுக்க முடியவில்லை. என்னோடு வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கும் வேறு வேறு இடங்களில் இதேதான் நடந்திருக்கிறது. எனவே இந்த மாடி வகுப்பைப் பற்றி நான் முதலில் சொல்வது இதுதான்: இங்கே யாரும் யாரையும் அழுத்துவதில்லை. கை தரைக்கு எட்டவில்லையா, கைக்கு அடியில் ஏதாவது ஒன்றை வைத்து உயர்த்திக் கொடுப்பார்கள். மிச்ச எல்லாமே இந்த ஒரு பழக்கத்திலிருந்து வருவதுதான்.

வைத்து உயர்த்துகிற சாமான்கள் சுவரோரம் ஒரு மர அலுமாரியில் இருக்கின்றன. தக்கைக் கட்டைகள், ஸ்பொஞ்ச் கட்டைகள், வளையம் வைத்த பருத்தி பெல்ட்டுகள், மடித்து அடுக்கிய கம்பளிகள், போல்ஸ்டர் என்கிற நீட்டு உருளைத் தலையணைகள், இரும்பு மடக்குக் கதிரைகள். அலுமாரிக்குப் பக்கத்து மூலையில் ஒரு கட்டு மட்டக்கம்பு சாத்தி வைத்திருக்கிறது. ஆமாம், தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கிற அதே மட்டக்கம்புதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்படிச் சாமான் வைத்து ஆசனம் செய்கிற முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-ல் கர்நாடகாவின் பெல்லூரில் பிறந்து 2014-ல் பூனாவில் காலமானார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சின்ன வயதிலேயே ஒன்று மாற்றி ஒன்று வந்து மெலிந்த உடம்பு அவருடையது. முடியாத உடம்புக்கும் ஆசனத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று அவர் அவ்வளவு யோசித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1975-ல் பூனாவில் அவர் தொடங்கிய நிலையம் இன்றும் நடக்கிறது. எங்கள் மிஸ் இந்தியாவில் இருந்தபோது அந்த முறையில் பழகியவர்.

சரி, இந்தக் கட்டையும் பெல்ட்டும் முதுகுக்கு என்ன செய்கின்றன?

நாம் குனியும்போது அந்தக் குனிவு இரண்டு இடங்களில் நடக்கலாம். தொடை இடுப்போடு சேருகிற மூட்டில் நடக்கலாம், அல்லது முதுகில் நடக்கலாம். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் அது இடுப்பெலும்பைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும், முன்னால் சாய விடாது. அந்த நிலையிலும் கை தரையைத் தொட்டே தீர வேண்டும் என்று போனால், மிச்சத் தூரத்துக்கு முதுகின் கீழ்ப்பாகம்தான் வளைந்து கொடுக்க வேண்டும். முள்ளந்தண்டின் அந்தப் பாகத்தில் 5 எலும்புகள், இடையிடையே டிஸ்க். முதுகு முன்னால் கூனும்போது டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி, உள்ளே இருக்கிற குழைவான பகுதி பின்னால் தள்ளப்படும். நரம்புகள் இருப்பதும் பின்னால்தான். இதற்கு மேல் ஒருவர் கையை வைத்து அழுத்தினால் எது தாங்கும்?

எனக்கு மிஸ் செய்தது இதுதான். நின்றுகொண்டு குனிகிற உத்தானாசனத்தில் இரண்டு கைக்கும் கீழே ஒவ்வொரு கட்டை. வழக்கமான கட்டைக்கு மூன்று உயரம் உண்டு: நிறுத்தி வைத்தால் 9 அங்குலம், பக்கவாட்டில் 6, படுக்க வைத்தால் 4. எனக்கு நிறுத்தி வைத்தும் முதுகு கூனியது. மிஸ் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்ல டீச்சர், கதிரைக்குப் போவோம்" என்று ஒரு கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதன் உட்காரும் பலகையில் கையை ஊன்றச் சொன்னார். முழங்காலையும் லேசாக மடக்கச் சொன்னார். அப்போது முதுகு நீண்டது. தொடையின் பின்பக்கம் நன்றாக இழுத்தது, இடுப்பில் ஒன்றும் இல்லை. இழுக்க வேண்டிய இடம் இழுத்து, சும்மா இருக்க வேண்டிய இடம் சும்மா இருந்தது. பிறகு மாதங்கள் போகப் போகக் கதிரையிலிருந்து 9 அங்குலக் கட்டைக்கு இறங்கினேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அதற்குக் கீழே இறங்கு என்று ஒருநாளும் அவர் அவசரப்படுத்தியதில்லை.

இப்போது மட்டக்கம்பு. கம்பை முதுகோடு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவில், அப்புறம் இடுப்புக்குக் கீழே இருக்கிற கெட்டியான முக்கோண எலும்பு. இடுப்பின் உள்வளைவில் மட்டும் கம்புக்கும் முதுகுக்கும் இடையே ஓர் உள்ளங்கை நுழைகிற இடைவெளி. அப்படியே மூன்று இடமும் விலகாமல் குனிய வேண்டும். எந்த இடத்தில் ஒன்று விலகுகிறதோ அதுதான் அன்றைக்கு உங்கள் எல்லை. யாரும் பார்த்துச் சொல்லத் தேவையில்லை, கம்பே சொல்லிவிடும்.

வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். மட்டக்கம்பைக் கையில் கொடுத்ததும் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்துவிடுகிறது. செடி மட்டம் தப்பினால் கம்பு காட்டும் என்பது தெரிந்த கைகள் அவை. கொழும்பிலிருந்து வரவழைத்த எந்தச் சாமானையும்விட இந்தக் கம்புதான் எங்கள் ஊர் உடம்புகளுக்குச் சீக்கிரம் விளங்குகிறது. இந்த யோசனைக்காக மிஸ்ஸை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கம்பளியின் வேலை எளிமையானது, ஆனால் தினமும் உதவுவது அதுதான். சம்மணமிட்டு உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறவர்களுக்கு இடுப்பெலும்பு பின்னால் உருண்டு முதுகு கூனிவிடும். மடித்த கம்பளியை விளிம்பில் உட்காருமாறு வைத்து, முழங்கால் இடுப்பைவிடத் தாழ வரும்வரை உயரத்தைக் கூட்ட வேண்டும். எனக்கு இரண்டு கம்பளி. பக்கத்தில் உட்காருகிற அக்காவுக்கு நாலு. யாருக்கு எத்தனை என்று மிஸ் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

பெல்ட்டும் அப்படித்தான். மல்லாந்து படுத்து ஒரு காலை மேலே தூக்கி, பாதத்தில் பெல்ட்டைப் போட்டுப் பிடிக்கிறோம். பெல்ட் இல்லாமல் பெருவிரலை எட்டிப் பிடிக்கப் போனால் தோள் தரையை விட்டுக் கிளம்பும், இடுப்பும் சுருண்டு எழும்பும். பெல்ட் கையை நீட்டித் தருவதால் முதுகு முழுக்கத் தரையில் கிடக்கிறது. இடுப்பு வலிக்காரர்கள் தொடைத்தசையை நீட்ட இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை. இதை வகுப்பின் தொடக்கத்திலேயே செய்வார்கள். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அதனால் எழுந்த கையோடு ஆழமாகக் குனியக்கூடாது என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொல்வார். காலையில் முதலில் படுத்துச் செய்கிறவை, பிறகு நின்று செய்கிறவை, குனிவது கடைசியில். விடியற்காலையில் எழுந்ததும் வாளியைத் தூக்குகிற, அடுப்பூதக் குனிகிற நம்மவர்களுக்கு இது யோகா வகுப்புக்கு வெளியேயும் வேண்டிய விஷயம்.

ஒரு சாமானில் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்திக் கீழே கட்டை வைக்கிற சேதுபந்தாசனம். கட்டை வைக்க வேண்டியது முக்கோண எலும்புக்கு நேர் அடியில். அது 5 எலும்புகள் ஒன்றாய்ச் சேர்ந்து இறுகியது, பாரம் தாங்கும். கொஞ்சம் மேலே தள்ளி இடுப்பின் உள்வளைவில் வைத்தால் அசைகிற எலும்புகள்மேல் மொத்தப் பாரமும் ஏறிவிடும். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மிஸ் ஒவ்வொருவர் கையையும் பிடித்து அந்த எலும்பைத் தடவிப் பார்க்க வைத்த பிறகுதான் கட்டையைக் கொடுக்கிறார், அதுவும் முதலில் படுக்க வைத்த 4 அங்குலத்தில்.

தோளில் நின்று காலை மேலே தூக்குகிற சர்வாங்காசனம் எல்லாருக்கும் கிடையாது. பிரஷர் கூடியவர்கள், கண் அழுத்தம் உள்ளவர்கள், கழுத்துக் கோளாறு உள்ளவர்கள் சுவரில் காலைச் சாய்த்துப் படுப்பதோடு சரி. செய்கிறவர்களுக்கும் தோளுக்குக் கீழே மூன்று நாலு கம்பளி அடுக்கி, தலையை மட்டும் கீழே தரையில் விடுகிறார்கள். தோள் உயரும்போது கழுத்து மடங்குகிற கோணம் குறைகிறது. கம்பளி இல்லாமல் இதைச் செய்யச் சொல்கிற இடத்தில் நான் இனி செய்ய மாட்டேன்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னதாகாது. அம்மா கொழுந்து எடுத்தே வயதானவர். கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில், கழுத்து முன்னால் நீட்டியபடி ஏற்றத்தில் நடந்த உடம்பு. பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, வேண்டிய கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான் என்பதால் ஈரக் கொழுந்தும் சேர்ந்துதான் அந்தக் கழுத்தில் தொங்கியது. இப்போது மேல்முதுகு கூனிவிட்டது. தரையில் மல்லாந்து படுத்தால் தலை பின்னால் தொங்கி, தாடை மேலே பார்த்து நிற்கும்.

அம்மாவை முதல்முறை படுக்க வைத்தபோது மிஸ் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. பக்கவாட்டில் முழங்காலில் உட்கார்ந்து, நெற்றியும் தாடையும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பார்த்தார். ஒரு துவாயை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார். மறுபடி பார்த்தார். எடுத்து இன்னொரு மடிப்பு மடித்து வைத்தார். தாடை மெதுவாக இறங்கி நெற்றிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஒரு போல்ஸ்டர். அது வந்ததும் இடுப்பு தானாகத் தரையில் தளர்ந்தது. "எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டார். அம்மா கண்ணைத் திறக்காமல், "கழுத்து இப்பத்தான் எறங்குது மிஸ்ஸு" என்றார்.

அம்மாவுக்கு முன்னால் குனிகிற ஆசனம் எதுவுமே கொடுப்பதில்லை. அந்த வயதுப் பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும், முதுகைக் கூனிக் குனிந்தால் முள்ளந்தண்டு எலும்பு நசுங்கி உடையவும் கூடும் என்பதால். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி, முதுகு நேராக இருக்க இடுப்பில் சாய்வது, அதே கதிரையில் உட்கார்ந்து மெதுவாகப் பக்கவாட்டில் திரும்புவது, படுத்து ஓய்வது. இவ்வளவுதான் அவருடைய வகுப்பு. கூன் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்க்கக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது.

குறைகளுக்கு வருவோம். சாமான் எல்லாருக்கும் போதாது. தக்கைக் கட்டை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ஸ்பொஞ்ச். ஸ்பொஞ்ச் கட்டை படுத்துச் செய்கிறவற்றுக்கு இதமானது, தூக்கவும் லேசு. ஆனால் நின்று கையை ஊன்றுகிற திரிகோணாசனத்தில் பழைய ஸ்பொஞ்ச் அமுங்கிச் சாய்கிறது, மூலைகளும் தேய்ந்திருக்கின்றன. தக்கை கனமானது, அசையாது, ஈரக் கையிலும் வழுக்காது. அதனால் கொஞ்சம் முந்திப் போய்த் தக்கைக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ஸ்டர்களில் சில பஞ்சு அமுங்கித் தட்டையாகிவிட்டன. மே, ஜூன் மழை தொடங்கினால் அவற்றில் ஈரவாடை வேறு. உறையைக் கழற்றித் துவைக்கிறார்கள், உள்ளே இருக்கிற இலவம்பஞ்சுக்கு வெயில் வேண்டுமே, அந்த மாதங்களில் அட்டனில் வெயிலுக்கு எங்கே போவது? மூச்சிழுப்பு உள்ளவர்கள் சொந்தமாக ஒரு பெட்ஷீட் கொண்டுபோய் விரித்துக்கொள்வது நல்லது.

கதிரைகளில் ஒன்றின் காலில் ரப்பர் கழன்றுபோய் டைல்ஸ் தரையில் நகர்கிறது. மிஸ் அதை யோகா விரிப்பின்மேல், சுவரோடு சேர்த்துத்தான் வைப்பார், அப்படியும் எனக்குப் பயம்தான். நம்பி முழுப் பாரத்தையும் கொடுக்கிற சாமான் அசையக்கூடாது. அதை மாற்றச் சொல்லி அவரிடமே சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. வாங்குவதாக இருந்தால் முதலில் இரண்டு தக்கைக் கட்டை வாங்குங்கள். அல்லது தச்சரிடம் சொல்லி அதே அளவில் மரத்துண்டு வெட்டி, விளிம்பை மழுக்கித் தேய்த்து எடுத்தால் போதும். பெல்ட்டுக்குப் பழைய சுரிதார் ஷோல் நன்றாக வேலை செய்கிறது. கம்பளி நம் வீடுகளில் எப்படியும் இருக்கும், ஆனால் மொத்தமான, அமுங்காத கம்பளியாக எடுங்கள். பொசுபொசு போர்வை உட்கார்ந்ததும் தட்டையாகிவிடும். போல்ஸ்டரை மெத்தை தைக்கிறவரிடம் அளவு சொல்லித் தைத்தேன், பஞ்சை இறுக்கமாக அடைக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: பிளாஸ்டிக் கதிரை. பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கால் விரிந்துவிடும்.

வலியோடு வருகிறவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மிஸ்ஸும் முதல் நாள் அதைத்தான் கேட்பார். கால் பலம் குறைகிறது, சிறுநீர் மலம் அடக்க முடியவில்லை அல்லது போகவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது என்றால் யோகாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வருகிற முதுகு வலியும் அப்படித்தான்.

மாதக் கட்டணம் 3,000 ரூபா. எங்கள் சம்பளத்துக்கு அது சின்னத் தொகையில்லை. ஆனாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒவ்வொருவரிடமும் வந்து, கட்டையின் உயரம் பார்த்து, கம்பளி மடித்துக் கொடுக்கிற வகுப்புக்கு அது நியாயம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் அவர் பாதிதான் வாங்குகிறார், அதையும் கேட்டு வாங்குவதில்லை. தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்.

காலையில் இலேசாகச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போங்கள். சுவெட்டர் கொண்டுபோங்கள், கடைசியில் படுத்து ஓய்கிற நேரத்தில் குளிரும். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் படியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செங்குத்தான படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். இறங்கும்போது அவர்களைக் கைப்பிடிப் பக்கமாக விட்டு, நீங்கள் ஒரு படி முன்னால் இறங்குங்கள்.